முற்பண அட்டையும் கமக்காரரும்

முற்பண அட்டை கடன் அட்டையன்று. கைத்தொலைபேசிக்கு முன்கூட்டியே காசு போடுவதுபோல, இவ்வட்டையிலும் முதலிற் பணம் இடப்படும். 10,000 ரூபா இட்டுப் பசளைக்கு 6,500 ரூபா கொடுத்தால், எஞ்சுவது 3,500 ரூபா; அதற்குமேற் செலவிட இயலாது. ஆதலாற் கடன் வட்டி ஏறாது.

அட்டை ஏற்கும் கடைகளில் விதை, பசளை, நீரிறைக்கும் இயந்திர உதிரிப்பாகம் ஆகியன வாங்கவும், வெளியூரிற் படிக்கும் பிள்ளையின் செலவுக்கும் இது உதவும். 2013ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, இதனை வழங்குவோர் இலங்கை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும்.

பருத்தித்துறைக் கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. வெங்காயம் விற்ற காசு முழுவதையும் இதில் இடற்க. பொதுவாக இதற்கு வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்கில் வைத்து, வேண்டியதை மட்டும் இடுக.

2. கட்டணத்தையும் காலாவதித் திகதியையும் முதலிலேயே கேட்டறிக.

3. இரகசிய இலக்கத்தைத் தொலைபேசியிற் கேட்பவர் எவராயினும் சொல்லற்க.

4. அட்டை தொலைந்தால், வழங்கியவருக்கு உடனே அறிவித்துத் தடைசெய்விக்க.