உப்பு உலராது

கரமனையாறு அகத்தியர் மலைப்பக்கத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை அக்ரகாரத்துக்குப் பக்கமாக ஓடி, திருவல்லத்தைத் தாண்டி பனத்துறை அருகே அரபிக் கடலில் சேர்கிறது. இரண்டு தோர்த்துகளை, அதாவது மெல்லிய துண்டுகளை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஆற்றுநீரில் நனைத்துப் பிழியுங்கள். மற்றதை, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு அப்பால் போய்க் கடல்நீரில் நனைத்துப் பிழியுங்கள். இரண்டையும் ஒரே கொடியில் போடுங்கள். நல்ல வெயில் இருந்தால் மாலைக்குள் இரண்டும் உலர்ந்துவிடும். கொடியிலேயே விட்டுவிட்டு மறுநாள் விடியும்போது தொட்டுப் பாருங்கள். ஆற்றுத் தோர்த்தில் ஈரம் தெரியாது. கடல் தோர்த்து நசநசவென்று மறுபடி ஈரமாகியிருக்கும். இரவில் ஒரு துளி மழைகூடப் பெய்திருக்க வேண்டாம்.

பாய்மரப் படகில் ஆழ்கடல் போகிறவர்கள் பையில் என்ன எடுத்து வைக்கிறார்கள் என்பதற்கான விடையில் பாதி இந்தக் கொடியில் தொங்குகிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. சட்டையில் அரை லிட்டர் கடல்நீர் ஊறிவிட்டது என்று வையுங்கள். நீர் ஆவியானாலும் பதினேழு கிராமுக்கு மேல் உப்பு இழைகளுக்குள் தங்கிவிடும். சமையல் உப்பின் முக்கியப் பொருளான சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அது காற்றிலிருந்தே நீரை இழுத்து, அந்த நீரிலேயே கரைந்துவிடும். இடவப்பாதி என்னும் தென்மேற்கு மழைக்காலத்தில் நம் அடுக்களை உப்பு ஜாடிக்குள் தண்ணீர் கோப்பது இதனால்தான். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். கடல்பரப்பின் மேல் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பதை ஒட்டியே நிற்கும். அந்த ஈரப்பதத்தில் சட்டையில் தங்கிய உப்பு தன் எடையைப் போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதாவது, கடல்நீர் பட்ட துணி கடலில் இருக்கும்வரை முழுதாக உலர்வதே இல்லை. நன்னீரில் அலசினால்தான் அதற்கு விமோசனம். படகிலோ நன்னீர் குடிப்பதற்கே அளந்து கொடுக்கப்படும்.

அனுபவமுள்ள மாலுமிகள் துணியை இரண்டாகப் பிரிப்பதற்கு இதுதான் காரணம். ஒன்று கடலுக்கான துணி. அது ஈரமாகத்தான் இருக்கும், இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். மற்றது உறங்குவதற்கான துணி. ஒரு முழு உடுப்பு, ஒரு ஜோடி காலுறை, தலைக்கு ஒரு தொப்பி. வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் இவை தனியாக இருக்கும். கடல்துணியோடு உறக்கப் பையில் படுத்தால் அந்த உப்பு படுக்கைக்குள்ளும் ஏறிவிடும்; பிறகு பயணம் முடியும்வரை படுக்கையும் உலராது. சக்கரம் வைத்த பெட்டியை யாரும் படகில் ஏற்ற மாட்டார்கள். காலியானதும் மடித்துச் செருகக்கூடிய துணிப்பைதான் எல்லோரிடமும் இருக்கும்.

ஈரத்துக்கு இவ்வளவு அஞ்சுவது ஏன்? ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். சட்டையில் இருக்கும் 200 கிராம் ஈரம் உடம்பின் வெப்பத்திலேயே உலர வேண்டுமானால் நூறு கிலோகலோரிக்கு மேல் செலவாகும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் அது. திருவனந்தபுரத்தில் இந்த இழப்பு நமக்குச் சுகம். மின்விசிறிக் காற்றின் குளிர்ச்சி இதுதான். அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் இரவுக் காவலில் நிற்பவருக்கு இதே இழப்பு உயிராபத்து.

அந்தத் தென்கடலை நம் பக்கத்துப் பெண்கள் இருவர் கடந்திருக்கிறார்கள். கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இருவரும் இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கிளம்பி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா வழியாக உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். வழியில் மனிதக் குடியிருப்பிலிருந்தும் நிலத்திலிருந்தும் மிகத் தொலைவான பாயின்ட் நீமோ பகுதியையும் தொட்டார்கள். எந்தத் திசையில் போனாலும் அங்கிருந்து 2,600 கிலோமீட்டருக்குள் நிலம் இல்லை. வெப்பநாட்டில் வளர்ந்த இரண்டு உடல்கள் பல வாரம் குளிர்காற்றிலும் அலைத்தெறிப்பிலும் மாறிமாறிக் காவல் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. பையில் எந்த இழை இருந்தது என்பது அங்கே மிகப் பெரிய விஷயம்.

நமக்குப் பழக்கமான பருத்தி அங்கே ஆகாது. பருத்தி இழை நீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். இழைகளுக்கு நடுவே வெப்பத்தைக் காக்கும் காற்றுப் பொதிகள் மறைந்துவிடும். காற்று இருந்த இடத்தில் நீர் வந்தால் வெப்பம் இருபது மடங்குக்கும் அதிக வேகத்தில் வெளியே போகும். வேர்த்து ஒழுகும் ஊரில் பருத்தி வரம். அதன் அதே குணம் குளிரில் பகை. பாலியெஸ்டர் நேர்மாறானது. அதன் இழை தன் எடையில் ஒரு விழுக்காடு நீரைக்கூட உள்ளே வாங்காது. அதனால் விரைவில் உலர்ந்துவிடும்.

என்னை மிகவும் வியக்க வைப்பது கம்பளிதான். ஆட்டுமயிர் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீராவியை இழைக்குள் இழுத்த பிறகும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. அதோடு நிற்காமல், நீர்மூலக்கூறுகள் இழையின் புரதத்தோடு பிணையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ கம்பளி, ஈரக்காற்றில் நிறைவடையும்போது சுமார் 960 கிலோஜூல் வெப்பம் தரும். கதகதப்பான அறையிலிருந்து ஈரமும் குளிருமான மேல்தளத்துக்கு ஏறும் மாலுமிக்கு, உடம்பு புதிய நிலைக்குப் பழகும்வரை அவருடைய கம்பளியே சிறிது வெப்பம் ஊட்டுகிறது. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் காற்றைப் பிடித்துவைக்கும் பாலியெஸ்டர் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் நீர்புகா அங்கி என்று மூன்று அடுக்காக உடுத்துகிறார்கள்.

மேலங்கியின் கதை 1969-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் ராபர்ட் கோர், சூடாக்கிய டெஃப்ளான் தண்டு ஒன்றை வெடுக்கென்று இழுத்தபோது அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. அந்தத் துளைகள் மழைத்துளிக்கு மிகச் சிறியவை, நீராவி மூலக்கூறுக்கு மிகப் பெரியவை. வெளி மழை உள்ளே வராது; உள் வேர்வை ஆவியாக வெளியேறும். கோர்டெக்ஸ் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது.

ஆனால் நீராவி தானாக நடந்து வெளியே போவதில்லை. உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். வேர்த்த தோலருகே அழுத்தம் சுமார் 56 ஹெக்டோபாஸ்கல். ஆறு டிகிரி குளிரும் எண்பது விழுக்காடு ஈரப்பதமும் உள்ள தென்கடல் காற்றில் அது எட்டைத் தொடாது. முப்பது டிகிரியும் அதே எண்பது விழுக்காடும் உள்ள கரமனையில் அது 34. தள்ளுவிசை பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய 'மூச்சுவிடும்' அங்கியை நம்மூர் மழையில் போட்டுக்கொண்டவர் உள்ளே குளித்தபடி நிற்பதற்குக் காரணம் கடைக்காரர் அல்ல, நம் வானிலை. கொச்சியிலிருந்து லட்சத்தீவு வரை படகில் போகிறவருக்கு முழுக்கைப் பாலியெஸ்டர் சட்டையும், அகலத் தொப்பியும், மெல்லிய மழை மேலாடையும்தான் என் பரிந்துரை. அங்கே எதிரி குளிர் அல்ல, வெயில். அது மேலிருந்து ஒருமுறை, நீரில் பட்டுத் திரும்பி ஒருமுறை என்று இரண்டு பக்கமும் சுடும்.

நிறத்தையும் பார்த்து எடுக்க வேண்டும். நீலமும் வெள்ளையும் கடலில் மறைந்துவிடும்; ஆரஞ்சும் ஒளிரும் மஞ்சளும் தெரியும். இரவுக்குத் தலைவிளக்கு சிவப்பொளி தருவதாக இருக்கட்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளொளி பட்டால், விழித்திரையின் நிறமி மீண்டும் சேர இருபது முப்பது நிமிடம் ஆகும். சிவப்பொளி அதை அவ்வளவாகக் கலைக்காது.

லைஃப் ஜாக்கெட்டை நாம் மிகச் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். உப்புநீரில் மனித உடல் ஏறக்குறைய மிதக்கும். தலையை வெளியே வைக்கச் சில கிலோ தூக்குவிசை போதும். ஆழ்கடல் ஜாக்கெட்டுகளுக்கு 150 நியூட்டன், அதாவது பதினைந்து கிலோ அளவு விசை கேட்பதற்குக் காரணம் வேறு. நினைவிழந்து குப்புறக் கிடப்பவரை மல்லாக்கத் திருப்பி, அவர் வாயை அலைக்கு மேலே வைக்க வேண்டும். முப்பத்துமூன்று கிராம் கரியமில வாயு அடைத்த சிறு உருளை ஒன்று நீர்பட்டதும் திறந்து சில நொடிகளில் அதை ஊதிவிடும். தொடைகளுக்கு இடையே போகும் வாரைக் கட்டாமல் விட்டால் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறிவிடும், ஆள் கீழே தொங்குவார். இதற்கும் முந்தைய காவல், படகோடு ஆளைக் கோக்கும் பிணைப்பு வார். விழுந்தபின் மிதப்பதைவிட விழாமலிருப்பது மேல்.

எதை எடுத்தோம் என்பதைப் போலவே எங்கே வைத்தோம் என்பதும் உயிரைத் தீர்மானிக்கும். கேரளத்தைச் சேர்ந்த கமாண்டர் அபிலாஷ் டோமி 2018-இல் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் போட்டியில் 'துரியா' என்ற படகில் தனியாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்தார். 1960-களில் பம்பாயில் கட்டப்பட்ட, மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி' படகைப் பார்த்து கோவாவில் கட்டிய படகு அது. செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடல் புயலில் படகு உருண்டது, பாய்மரங்கள் முறிந்தன, அவர் முதுகெலும்பு நொறுங்கியது. முதன்மைச் செயற்கைக்கோள் தொலைபேசி சேதமாகிவிட்டது. மாற்றுத் தொலைபேசியும் கைவானொலியும் அவசரப் பைக்குள் பத்திரமாக இருந்தன. எல்லாம் ஒழுங்காகக் கட்டிவைத்த பைதான். ஆனால் எழ முடியாமல் கிடந்தவருக்கு அதே சிறிய அறைக்குள் இருந்த பை எட்டவில்லை. கைக்கெட்டிய குறுஞ்செய்திக் கருவியும் ஆபத்துக்கால அலைபரப்பியும்தான் அவர் இருக்குமிடத்தைக் கரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து படகைக் கண்டது. செப்டம்பர் 24 அன்று 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 2022-இல் அதே போட்டிக்கு 'பயானத்' படகில் திரும்பப் போனார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து முடித்தார். அவசரப் பையைப் படகுக்குள் எங்கே கட்டினாலும், ஒருமுறை தரையில் படுத்துக்கொண்டு கையை நீட்டிப் பார்ப்பது நல்லது.

அந்த ஆபத்துக்கால அலைபரப்பி 406 மெகாஹெர்ட்ஸில் கூவுகிறது. காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு ஏற்பாட்டின் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்டுத் தரைக்குச் சொல்கின்றன. இந்தியாவுக்கான மையத்தைப் பெங்களூரில் இஸ்ரோ நடத்துகிறது. இது பந்தயப் படகுக்காரர்களுக்கு மட்டுமான கருவி ஆகிவிடக் கூடாது என்பது என் ஆதங்கம். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்தபோது, கரமனையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் குமரி மாவட்டத் தூத்தூர் கரையிலிருந்தும் போன மீனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு நீண்ட நேரம் மிதந்து பிழைத்தவர்களும் உண்டு. நம் கடல் வெதுவெதுப்பானது, ஆனாலும் 28 டிகிரி நீர் 37 டிகிரி உடலிலிருந்து வெப்பத்தை இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வலை இழுக்கும் கைக்கு இடைஞ்சலான, வெயிலில் புழுங்கும் தடித்த ஜாக்கெட்டை மீனவர்கள் கழற்றி வைத்தால் அதில் அலட்சியம் ஒன்றுமில்லை. ஊதுவதற்கு முன் பட்டையளவே இருக்கும் ஜாக்கெட் அவர்கள் கைக்கெட்டும் விலையில் வர வேண்டும்.

மீன்பிடிப் படகுகளுக்காக இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவியில் முதலில் ஒரு குறை இருந்தது. பொத்தானை அழுத்தியவருக்குத் தன் குரல் கரையில் கேட்டதா என்று தெரியாது. பின்னர் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்துவிட்டது என்று கடலுக்கே பதில் அனுப்புகிறது. கைபேசியோடு இணைத்தால் அந்தப் பதிலைத் தம் தாய்மொழியிலேயே படித்துக்கொள்ளலாம்.