பில்லில் மணி சரிதானா?

நம் முன்னோர் எழுதிய நாள்வழியில் தேதி இருக்கும், மணி இருக்காது. இன்று கம்ப்யூட்டர் பில்லில் ஒவ்வொரு வரியிலும் தேதியோடு மணியும் நிமிடமும் ஏறிவிடுகின்றன. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் லாபம். அரைகுறையாகப் பார்த்தால் அநியாயப் பழி.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம். இரவு 9 மணிக்குக் கடை சாத்துகிறோம். மாதக் கணக்கை எக்செல்லில் போட்டு, 9 மணிக்கு மேற்பட்ட பில்களை மட்டும் ஃபில்டர் செய்து பார்த்தபோது பல பில்கள் நின்றன. கடை சாத்திய பிறகு யார் பில் போட்டது? பதினோரு ஆண்டுகளாக நம்பிக்கையாக இருக்கும் கணக்குப்பிள்ளை மேல் சந்தேகம் விழுந்தது. கேட்கவும் கேட்டுவிட்டோம். பிறகுதான், போனில் பணம் வந்த பில்களை வங்கிக் குறுஞ்செய்தியோடு ஒப்பிட்டோம். பில்லில் 9.34, வங்கியில் 8.52. எல்லாவற்றிலும் இதே 42 நிமிட வித்தியாசம்! கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்ததால், யாரோ கையால் நேரத்தைத் தப்பாக வைத்திருக்கிறார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

கடிகாரம் பொதுவாக இருக்க வேண்டும் என்பது பழைய பாடம். 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகத்தின் மணிதான் 'மதராஸ் நேரம்'. ரயில்கள் அதன்படி ஓடின. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வேறு வேறு நேரம். 1906இல்தான் நாட்டுக்குப் பொதுவான இந்திய நேரம் வந்தது. அது மதராஸ் நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியது.

இனி எக்செல்லில் கவனிக்க வேண்டியவை:

1. எக்செல்லுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி முதல் தேதி 1. மணி என்பது அதன் பின்னம்: பகல் 12 மணி 0.5, மாலை 6 மணி 0.75. தேதி எண்ணாக ஏறாமல் வெறும் எழுத்தாக நின்றால் ஃபில்டர் தப்பாகும்.

2. அமெரிக்க முறையில் மாதம் முன்னே, தேதி பின்னே. அப்படி அமைந்த கம்ப்யூட்டரில் ஆகஸ்ட் 5, மே 8 ஆகிவிடும்.

3. '31ஆம் தேதி வரை' என்று ஃபில்டர் போட்டால், மணியும் சேர்ந்த பதிவுகளில் 31ஆம் தேதி வியாபாரம் முழுவதும் விடுபடும். ஏனெனில் 31 என்றால் அன்று நள்ளிரவு 12 மணி என்றே பொருள் கொள்ளும். 'அடுத்த மாதம் முதல் தேதிக்கு முன்' என்று போடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு நாள் விட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

4. ஃபில்டர் வரிகளை மறைக்கும், அழிக்காது. சாதாரண 'சம்' கூட்டல் மறைந்ததையும் சேர்த்துக் கூட்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூட்ட 'சப்டோட்டல்' போட வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் பயன் பெரிது. திருத்தணி ஆடிக் கிருத்திகை சமயத்தில் எந்த மணிக்கு எந்தச் சரக்கு போகிறது என்று பிரித்துப் பார்த்து, அடுத்த ஆண்டுக் கொள்முதலை முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.

காலையில் கல்லாவைத் திறக்கும்போது கம்ப்யூட்டர் மணியைப் போன் மணியோடு ஒப்பிடுங்கள். தராசின் முள்ளைப் பார்த்த பிறகுதானே எடைக்கல்லை வைக்கிறோம்!