காவல் கட்டிடங்களில் நாம் எதைக் காப்பாற்றினோம்?

சென்னை மெரினா கடற்கரைக்கு எதிரே, காமராசர் சாலையில் வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் காவல் துறைத் தலைமை அலுவலகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அது 1993-லேயே இடிக்கப்பட்டிருக்க வேண்டிய கட்டிடம் என்பதை அறிந்தவர்களும் குறைவு.

1839-ல் ஃப்ரீமேசன் சங்கத்தினரின் கூடமாக எழுந்த கட்டிடம் அது. 1865-ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குக் காவல் துறை அங்கே குடியேறியது. 1874-ல் 20,000 ரூபாய்க்கு அதை விலைக்கே வாங்கியது. 1993-ல் அதை இடித்துவிட்டுப் பத்து மாடிக் கட்டிடம் எழுப்ப அரசு முடிவெடுத்தபோது, மரபுச் சின்னங்களின் பாதுகாப்புக்காக இயங்கும் ‘இன்டாக்’ அமைப்பு நீதிமன்றத்தை நாடியது. அரசு தன் முடிவைக் கைவிட்டது. பழைய கட்டிடம் சீரமைக்கப்பட்டது. கூடுதல் இடத்துக்குப் புதிய இணைப்புக் கட்டிடம் எழுந்தது. பழமையைக் காப்பதும் நிர்வாகத் தேவையை நிறைவேற்றுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எழும்பூர் பாந்தியன் சாலையில் இருந்த பழைய மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும் இதே நல்வாய்ப்பு அமைந்தது. 2013-ல் ஆணையரகம் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் புதுப்பிக்கப்பட்ட பழைய கட்டிடம், 2021 செப்டம்பர் 28 அன்று காவல் அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்டது. பழைய ஆயுதங்களும் சீருடைகளும் கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளும் இன்று அங்கே பார்வைக்கு இருக்கின்றன.

இவ்விரண்டும் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால், மூன்றாவதாக ஒரு கட்டிடத்தை இவற்றின் அருகில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு நெருடல் எழுகிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே 1837 முதல் இருந்துவந்த மத்தியச் சிறைதான் அது. 2006-ல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009-ல் இடிப்பதற்கு முன்பு, பொதுமக்கள் பார்ப்பதற்காகச் சில நாட்கள் சிறை திறந்துவிடப்பட்டது. மக்கள் திரள் திரளாகச் சென்று பார்த்தார்கள். பிறகு சுவர்கள் சரிந்தன. மருத்துவக் கல்லூரியின் விரிவாக்கத்துக்கு அந்த நிலம் பயன்பட்டது.

மருத்துவக் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. சிறைத் துறை வேறு, காவல் துறை வேறு என்பதும் உண்மை. எனினும், காவல் நிலையத்தின் வாசலில் தொடங்கும் பாதை பலருக்குச் சிறைக்கொட்டடியில்தான் முடிந்தது. சுபாஷ் சந்திர போஸ் 1932-ல் அடைக்கப்பட்ட சிறை அது. நெருக்கடிநிலைக் காலத்தில் மிசா கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டதும் அங்கேதான். அந்தத் தாக்குதலில் காயமடைந்த முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977-ல் உயிரிழந்தார். அக்கொடுமைகளை நீதிபதி மு.மு.இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அன்று அதே சிறையில் அடிபட்ட மு.க.ஸ்டாலின்தான், முதல்வராக 2021-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். அவர் திறந்துவைத்த கட்டிடம் நிற்கிறது. அவர் அடைபட்டிருந்த கட்டிடம் இல்லை.

அதிகாரம் ஆணையிட்ட அறைகளைக் காப்பாற்றியிருக்கிறோம். அந்த ஆணைகளைச் சுமந்தவர்கள் கிடந்த அறைகளை இழந்துவிட்டோம். யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்ததாக நான் சொல்லவில்லை. தூணும் மாடமும் உள்ள மாளிகை கண்ணுக்கு மரபாகத் தெரிகிறது. கம்பியும் கொட்டடியும் அப்படித் தெரிவதில்லை. விளைவு மட்டும் ஒருதலைப்பட்சமானது.

காவல் துறையின் வரலாற்றிலேயே இதற்கான பாடம் இருக்கிறது. வரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் மக்கள் வதைக்கப்படுவதை, 1855-ல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் அம்பலப்படுத்தியது. அதையடுத்தே, 1859-ன் சட்டத்தின் வழியாக மாகாணக் காவல் துறை மாற்றியமைக்கப்பட்டது. அடிபட்டவர்களின் சாட்சியம் இல்லாமல் இந்தத் துறையின் பிறப்பைக்கூட விளக்க முடியாது.

கட்டிடமும் ஒரு சாட்சியே. அறையின் அளவு, சன்னலின் உயரம், வாசலிலிருந்து லாக்கப் வரை உள்ள தொலைவு ஆகியவை எந்த ஆவணமும் சொல்லாததைச் சொல்லிவிடும். காவல் நிலையங்களின் வாசல்களிலும் தாழ்வாரங்களிலும் லாக்கப்புகளிலும் கேமராக்கள் பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டது, அந்த இடங்களில் நடப்பது பதிவாக வேண்டும் என்பதால்தான். பழைய காவல் நிலையங்களுக்குக் கேமரா கிடையாது. அவற்றின் சுவர்கள்தான் எஞ்சியிருக்கும் பதிவு.

எல்லாப் பழைய காவல் நிலையங்களையும் காப்பாற்ற முடியாது. ஒழுகும் கூரையின் கீழ், பெண் காவலர்களுக்குக் கழிப்பறைகூட இல்லாத கட்டிடத்தில் வேலை பார்க்கச் சொல்வது மரபுப் பாதுகாப்பு ஆகாது. ஆனால், இடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. அளவுகளோடு வரைபடம் தயாரிக்க வேண்டும். ஒவ்வோர் அறையையும் ஒளிப்படம் எடுக்க வேண்டும். அங்கே பணியாற்றியவர்களின் நினைவுகளோடு, அங்கே அடைபட்டவர்களின் நினைவுகளையும் பதிவுசெய்து ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டுவிட்டது. இத்தகைய பதிவைக் கட்டாயமாக்க அதை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் துப்பாக்கிகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதே கூரையின் கீழ் 1855 ஆணையத்துக்கும் இஸ்மாயில் ஆணையத்துக்கும் ஓர் அறை ஒதுக்கப்பட்டால், அந்த வரலாறு இன்னும் முழுமையடையும்.