கப்பல் வராவிட்டால்..?

குட்டீஸ், வடசென்னையில் எர்ணாவூர் என்று ஓர் ஊர் இருக்கிறதே, தெரியுமா? திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூருக்குப் போகிற வழியில், கடலை ஒட்டியே இருக்கிறது. அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகப் பழகியிருக்கும். சாலையில் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். வடக்கே பார்த்தால் வானத்தைத் தொடும் புகைபோக்கிகள். அவை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள்.

உங்கள் வீட்டு மின்விசிறியை யார் சுற்றுகிறார்கள் என்று எப்போதாவது யோசித்தது உண்டா? ஒடிசா மாநிலத்தில் இருக்கும் தால்சேர் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி, ரயிலில் ஏறிப் பாரதீப் துறைமுகத்துக்கு வருகிறது. அங்கிருந்து கப்பலில் எண்ணூர். பிறகு கன்வேயர் பெல்ட்டில் பயணம் செய்து வடசென்னை அனல் மின்நிலையத்தின் அடுப்புக்குள் போகிறது. தண்ணீர் கொதித்து ஆவியாகி, டர்பைனைச் சுற்ற, மின்சாரம் கிடைக்கிறது. இந்த நிலக்கரியை இறக்குவதற்காகவே 2001இல் எண்ணூர் துறைமுகம் தொடங்கப்பட்டது. இப்போது அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர்.

சரி, ஒரு கேள்வி. கப்பல் வராவிட்டால்?

புயல் என்றால் இரண்டு, மூன்று நாளில் அடங்கிவிடும். சண்டை என்றால்?

எம்டன் போட்ட குண்டு

வீட்டில் யாராவது ரொம்பக் கறாராக இருந்தால், "அவர் சரியான எம்டன்!" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல் பிறந்தது நம் சென்னைக் கடற்கரையில்தான்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டு. செப்டம்பர் 22ஆம் தேதி இரவு. 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் ஓசைப்படாமல் சென்னைக்கு அருகே வந்தது. விளக்கைப் போட்டது, பீரங்கியைத் திருப்பியது. குறி எது தெரியுமா? துறைமுகம் அருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்! தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிர் இழந்தார்கள். மக்கள் பயந்துபோய் ஊரைவிட்டே கிளம்பினார்கள். அந்தக் குண்டுவீச்சின் நினைவாக, சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. அந்த எம்டன் கப்பலே நிலக்கரியில் ஓடியதுதான். நடுக்கடலில் எதிரிகளின் நிலக்கரிக் கப்பல்களைப் பிடித்து, அந்த நிலக்கரியைத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டுதான் அது ஓடியது.

சண்டை என்று வந்தால் முதல் அடி விழுவது எரிபொருள் மேல்தான். அது இல்லாவிட்டால் கப்பல் ஓடாது, ஆலை ஓடாது, வீட்டில் விளக்கும் எரியாது.

பகையாளிகள் பங்காளிகள் ஆனார்கள்

ஐரோப்பாவில் பிரான்ஸும் ஜெர்மனியும் 70 ஆண்டுகளுக்குள் மூன்று முறை பெரிய போரில் மோதிக்கொண்டவை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கண்டமே இடிந்து கிடந்தது. இனி சண்டை வராமல் இருக்க என்ன செய்யலாம்?

1950 மே 9ஆம் தேதி, பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு யோசனை சொன்னார். பீரங்கி செய்ய இரும்பு வேண்டும். இரும்பை உருக்க நிலக்கரி வேண்டும். இந்த இரண்டையும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பு கவனித்துக்கொண்டால், யாரும் யாருக்கும் தெரியாமல் ஆயுதம் செய்ய முடியாது அல்லவா?

பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த விதைதான் வளர்ந்து இன்று 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியமாக நிற்கிறது. மே 9ஆம் தேதியை அவர்கள் 'ஐரோப்பா தினம்' என்று கொண்டாடுகிறார்கள்.

மூடிக்கொண்ட குழாய்

ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் சாதாரணக் குளிர் இல்லை. வீட்டைச் சூடாக்காமல் இருக்கவே முடியாது. அதற்கு அவர்கள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை நம்பினார்கள். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிலிருந்து வாங்கிய எரிவாயுவில் 40 சதவீதத்துக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. நிலத்துக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் போட்ட நீளமான குழாய்கள் வழியாக வந்தது. விலையும் கட்டுப்படியானது.

2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் உக்ரைன் பக்கம் நின்றன. ரஷ்யாவிலிருந்து குழாயில் வந்த எரிவாயு படிப்படியாகக் குறைந்தது. செப்டம்பரில், பால்டிக் கடலுக்கு அடியில் இருந்த நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்தே போயின. விலை மளமளவென்று ஏறியது. குளிர்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு நாடும் 'எனக்கு முதலில்' என்று ஓடியிருந்தால் பணக்கார நாடு வாங்கிக் குவித்திருக்கும். சின்ன நாடு குளிரில் நடுங்கியிருக்கும். அவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். உடனே ஒத்துப்போனார்கள் என்று நினைக்காதீர்கள். "நான் ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும்?" என்று கேட்ட நாடுகளும் இருந்தன. கடைசியில் சில முடிவுகள் எடுத்தார்கள்.

* எல்லா நாடுகளும் எரிவாயுச் செலவை 15 சதவீதம் குறைக்க முயல வேண்டும்.

* நிலத்தடிக் கிடங்குகளில், நவம்பர் மாதத்துக்குள் குறைந்தது 80 சதவீதம் எரிவாயு நிரப்ப வேண்டும்.

* கப்பலில் எரிவாயு கொண்டுவர வழி செய்ய வேண்டும்.

பெர்லின் நகரில் நினைவுச் சின்னங்களின் அலங்கார விளக்குகளை அணைத்தார்கள். பாரிஸில் ஈஃபில் கோபுரத்தின் விளக்குகள் நள்ளிரவுக்கு முன்பே கண்ணை மூடின. ஜெர்மனியில் அரசு அலுவலகங்களை 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். பழைய நிலக்கரி மின்நிலையங்களையும் மறுபடி ஓடவிட்டார்கள். புகை வேண்டாம் என்று மூட நினைத்தவை அவை! கிடங்குகள் சொன்னதைவிட அதிகமாகவே நிரம்பின. அந்தக் குளிர்காலம் எப்படியோ கடந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி, செக் நாட்டின் பிராக் நகரக் கோட்டையில் 44 நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத இங்கிலாந்து, துருக்கி, நார்வே, சுவிட்சர்லாந்து, உக்ரைன் எல்லாம் இதில் சேர்ந்தன. 'ஐரோப்பிய அரசியல் சமூகம்' என்பது இந்தக் கூட்டமைப்பின் பெயர். அவர்கள் பேசிய பெரிய விஷயங்கள் இரண்டு: போர், எரிபொருள்.

மூன்று நாள் என்றார்கள்... மூன்று வாரம் ஆனது!

உக்ரைனின் மின்கம்பிகள் ரஷ்யாவின் மின்தொகுப்போடு இணைந்திருந்தன. அதிலிருந்து பிரிந்து ஐரோப்பாவோடு சேர வேண்டும் என்பது உக்ரைனின் திட்டம். மூன்று நாள் தனியாக ஓடிப் பார்க்கலாம் என்று 2022 பிப்ரவரி 24ஆம் தேதி அதிகாலை இணைப்பைத் துண்டித்தார்கள். சில மணி நேரத்தில் போர் தொடங்கிவிட்டது! மறுபடி ரஷ்யாவோடு இணைய முடியாது. ஐரோப்பாவோடு இன்னும் இணையவில்லை. ஒரு நாடே மின்சாரத்தில் தனித்தீவாக நின்றது.

குண்டுகள் விழும்போதும் உக்ரைன் பொறியாளர்கள் வேலையை விடவில்லை. ஐரோப்பியப் பொறியாளர்களும் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். நீண்ட நாள் எடுத்திருக்க வேண்டிய இணைப்பு, மார்ச் 16ஆம் தேதியே கிடைத்துவிட்டது.

மின்தொகுப்பை இணைப்பது சுவிட்ச் போடுவதுபோல அல்ல. கோலாட்டம் ஆடும்போது எல்லாக் குச்சியும் ஒரே தாளத்தில் விழ வேண்டும் அல்லவா? அப்படி எல்லா மின்நிலையங்களும் ஒரே துடிப்பில், நொடிக்கு 50 முறை துடிக்க வேண்டும். நம் தென்னிந்தியாவும் 2013 டிசம்பர் 31ஆம் தேதிதான் நாட்டின் மற்ற பகுதிகளோடு இந்தத் தாளத்தில் சேர்ந்தது.

நாணயத்தின் இன்னொரு பக்கம்

ஐரோப்பா தப்பியது சரி. ஆனால் கப்பலில் வரும் எரிவாயு உலகில் அளவோடுதானே இருக்கிறது? ஐரோப்பா அதிக விலை கொடுத்து வாங்க, பாகிஸ்தானாலும் வங்கதேசத்தாலும் அந்த விலையைக் கொடுக்க முடியவில்லை. அங்கே பல மணி நேரம் மின்வெட்டு. நம் நாட்டின் கெயில் நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி வர வேண்டிய சில எரிவாயுக் கப்பல்களும் வராமல் போயின. ஒரு வீட்டில் அடுப்பு எரிய, இன்னொரு வீட்டில் அணைந்தது. பெரியவர்கள் இன்னும் சரிசெய்யாத கணக்கு இது.

சென்னையில் இருந்து புறப்பட்ட கப்பல்

நம் பக்கத்து வீடான இலங்கையில் நடந்ததையும் கேளுங்கள். வெளிநாட்டில் பொருள் வாங்க அந்த நாட்டிடம் டாலர் இல்லாமல் போனது. அரசின் தவறான முடிவுகள், கடன், கொரோனா என்று காரணங்கள் பல. அதன் மேல் உக்ரைன் போரால் ஏறிய எண்ணெய் விலையும் சேர்ந்துகொண்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு! பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை. வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள். 'பரீட்சை இல்லையா, ஜாலி!' என்று சிரிக்காதீர்கள். பள்ளிக்குப் போக வண்டி இல்லை, படிக்க விளக்கு இல்லை, பல வீடுகளில் சமைக்க காஸும் இல்லை.

எரிபொருள் வாங்குவதற்காக இந்தியா 50 கோடி டாலர் கடன் கொடுத்தது. டீசல் கப்பல்கள் போயின. தமிழக சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2022 மே 18ஆம் தேதி, நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் 9 ஆயிரம் டன் அரிசி, 200 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள். தமிழர், சிங்களர் என்று பிரித்துப் பார்க்காமல் இலங்கை மக்கள் அனைவருக்கும் போனது அந்த உதவி.

எம்டன் குண்டு போட்ட அதே துறைமுகம்தான், குட்டீஸ்!

தெரிந்துகொள்ளுங்கள்

* இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவம் ஆகும். அப்போது அதன் அளவு 600 மடங்கு சுருங்கிவிடும். அதனால்தான் கப்பலில் ஏற்ற முடிகிறது.

* இந்தத் திரவத்தை இறக்கும் முனையம் நம் எண்ணூரில் 2019இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளலாம். ஜெர்மனியில் 2022 டிசம்பர் வரை இப்படி ஒன்றுகூட இல்லை. அவசரம் அவசரமாக, பத்தே மாதத்தில் முதல் முனையத்தைத் திறந்தார்கள்.

* எண்ணூரின் பழைய அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. நமக்கு வெளிச்சம் கொடுத்த மின்நிலையங்களின் சாம்பல், கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து மீனவர்களின் வலையைக் காலியாக்கியது. எரியும் விளக்கு ஒவ்வொன்றுக்கும் எங்கோ யாரோ விலை கொடுக்கிறார்கள்.

நீங்களும் செய்யலாம்

இன்று மாலை உங்கள் வீட்டு மின்சார மீட்டரில் இருக்கும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி குறியுங்கள். கழித்துப் பார்த்தால், ஒரு வாரத்துக்கு எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். அடுத்த வாரம், ஆள் இல்லாத அறையில் விளக்கையும் விசிறியையும் அணைக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா முழுவதும் சேர்ந்து குறைக்க முயன்றது 15 சதவீதம். உங்கள் வீட்டில் எவ்வளவு குறைகிறது, பார்க்கலாமா?