மார்புச் சளியும் மணக்கும் தைலமும்

ஆண்டின் இறுதி மாதங்களில் காப்பார் வட்டாரத்தில் மாலைதோறும் மழை பொழியும். மறுநாட்காலை வகுப்பறையுள் நுழைந்தால் தைல மணம் நம்மை எதிர்கொள்ளும். விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய், இருமும் பிள்ளையின் மார்பில் தைலம் தேய்த்துப் பள்ளிக்கு அனுப்பியிருப்பாள். அஃது அன்பின் மணம். ஆயினும் அன்போடு அறிவும் சேர்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், கைக்குழந்தையுடன் ஒரு தாய் நம் பள்ளிக்கு ஓடி வந்தார். மூக்கடைப்பு நீங்கட்டும் என்று குழந்தையின் மூக்கருகே களிம்பு தடவியிருந்தார்கள். குழந்தை மூச்சுக்குத் திணறியது. உடனே வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். குழந்தை பிழைத்தது. அன்று கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

இக்களிம்புகளில் மெந்தால், கற்பூரம், நீலகிரித் தைலம் ஆகியவை உள்ளன. மெந்தால், மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. அதனால் மூச்சு எளிதாகச் செல்வதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அடைப்பு அப்படியே இருக்கும்; சளிக்கிருமியும் சாவதில்லை. எனினும் பயனில்லை என்று கூறிவிட முடியாது. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் 2 முதல் 11 வயது வரையிலான 138 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், களிம்பு தடவிய பிள்ளைகள் இரவில் நன்கு உறங்கினர் என அறியப்பட்டது. தோல் எரிச்சலும் சிலருக்கு ஏற்பட்டது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதனைத் தடவலாகாது. அதன் மூச்சுக்குழல் மிகக் குறுகியது. களிம்பின் காரத்தால் அங்குச் சளி மிகுந்தால் அடைப்பு பெருகும். பிறந்தவுடன் செய்யும் இரத்தச் சோதனையில் ஜி-6-பி-டி குறைபாடு உண்டெனக் கூறப்பட்ட குழந்தைக்கு, மருத்துவரைக் கேளாமல் எத்தைலமும் வேண்டா.

மாணவச் செல்வங்களே, ஒரு கணக்கு! களிம்பில் நூற்றுக்கு 5 பங்கு கற்பூரம் எனில், 50 கிராம் புட்டியில் எவ்வளவு? இரண்டரைக் கிராம். ஒரு கிராம் கற்பூரம் வயிற்றுள் சென்றாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. ஆகவே தைலப் புட்டியும் பூசைச் சூடமும் தம்பி தங்கையர் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. மார்பு, கழுத்து, முதுகு ஆகிய இடங்களில் மட்டும் மெல்லியதாகத் தடவுக. மூக்கு, வாய், கண், புண் ஆகியவற்றில் படலாகாது.
2. தடவியபின் துணியால் இறுகக் கட்டாதீர். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.
3. களிம்பை அடுப்பில் சூடாக்காதீர், கொதிநீரிலும் இடாதீர். தெறித்துச் சுட்டுவிடும்.
4. பெரியோர் மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலம் பிள்ளைகளுக்கு ஆகாது. புட்டியின் மேல் உள்ள வயதுக் குறிப்பைப் படித்தறிக. படிக்க இயலாதவர்க்குப் பிள்ளைகளே படித்துச் சொல்லட்டும்.
5. குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைக. வண்டி இல்லையேல் 999ஐ அழைத்திடுக.

மூச்சு வாங்கினாலும், மார்பு உள்வாங்கினாலும், காய்ச்சல் தணியாவிடினும், தைலத்தை நம்பிக் காத்திராமல் காப்பார் கிளினிக்கை நாடுக. அரைநாட் கூலியை மற்றொரு நாள் ஈட்டலாம். பிள்ளையின் மூச்சை ஈட்ட இயலாது.