பேர் கேட்க வந்த தாத்தாவும் பாட்டியும்

கானா நாட்டில் கோஃபி மென்சா என்று ஒருவரைத் தேடிப் போனால் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். மென்சா என்றால் மூன்றாவது ஆண்பிள்ளை. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8-ம் தேதியும் வெள்ளிக்கிழமைதான். சனிக்கிழமைப் பையன் குவாமே, ஞாயிற்றுக்கிழமைப் பையன் குவாசி. பெண்ணாக இருந்தால் வெள்ளிக்கு அஃபுவா, சனிக்கு அமா. தகப்பன் பெயர் பிள்ளைக்கு ஒட்டிவர வேண்டும் என்ற கட்டாயமும் பழைய வழக்கத்தில் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களே வேறு வேறு பெயரோடு திரிவார்கள். இப்படிப்பட்ட நாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ரிட்டயர் ஆன தம்பதிகள் விமானமேறி வருகிறார்கள். வந்த வேலை, வம்சவழிப் பெயர்களைத் திரட்டுவது.

மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். அந்தச் சபையின் 18 வயதுப் பையன்கள் இரண்டிரண்டு பேராக வெளிநாட்டுத் தெருக்களில் கதவு தட்டுவதைப் பலர் பார்த்திருப்போம். மூத்த தம்பதிகளுக்கு அந்த அலைச்சல் கிடையாது. ஆறு மாதத்திலிருந்து 23 மாதம் வரை தங்கி, சபை சொல்லும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும். சம்பளம் இல்லை. வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தக் காசில்தான். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அவர் 'எல்டர்', அந்த அம்மா 'சிஸ்டர்'. பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று நம்மூரில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

தேவை என்பதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன முன்னோருக்காக, உயிரோடு இருக்கும் வாரிசு கோயிலில் நின்று அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏற்பதும் மறுப்பதும் இறந்தவர் இஷ்டம். பைபிளில் முதலாம் கொரிந்தியர் 15-ம் அதிகாரம், 29-ம் வசனத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லும் வழக்கம் உள்ள நமக்கு, இறந்தவருக்காக இருப்பவர் சடங்கு செய்வது அப்படியொன்றும் விசித்திரமல்ல. ஆனால் இவர்கள் மூன்றோடு நிறுத்துவதில்லை. 1894-ல் யூட்டாவில் வம்சவழிச் சங்கம் தொடங்கி, 1938-லிருந்து உலகெங்கும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்து, சால்ட் லேக் சிட்டி அருகே கருங்கல் மலையைக் குடைந்து 24 லட்சம் சுருள்களை அடுக்கி வைத்தார்கள். அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலை 2021-ல் முடிந்தது.

எல்லோரும் இதைக் கைதட்டி வரவேற்கவில்லை. ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயரில் ஞானஸ்நானம் நடந்தது தெரியவந்து பெரும் வருத்தம் எழுந்தது. அதை நிறுத்துவதாக 1995-ல் உடன்பாடு கண்டார்கள். பங்குக் கோயில் பதிவேடுகளை இவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று வத்திக்கான் 2008-ல் தன் ஆயர்களுக்குச் சொல்லிவிட்டது. யூதர்களின் கோபம் முழுக்க நியாயமானது என்பது என் கருத்து.

கானா தலைநகர் அக்ராவில் இப்படி வந்த ஒரு தம்பதியின் வாரம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடும். ஞாயிறு இரண்டு மணி நேர ஆராதனை. மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் இரண்டு வேளை பட்டினி. மிச்சமான சாப்பாட்டுச் செலவு ஏழைகளுக்கு. திங்கள் துணி துவைப்பது, சந்தைக்குப் போவது. மகோலா சந்தை நெரிசலில் டை கட்டிய வெள்ளைக்காரத் தாத்தா தக்காளிக்குப் பேரம் பேசினால் கடைக்கார அம்மாக்கள் விடுவார்களா? 'குவாசி ப்ரோனி' என்று சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பிறந்த வெள்ளைக்காரன் என்று அர்த்தம். அவர் உண்மையில் எந்தக் கிழமை பிறந்தார் என்பது யாருக்கு வேண்டும்! மற்ற நாள்களில் அலுவலகம்: கிராமங்களில் பெரியவர்களிடம் எடுத்துவந்த நேர்காணல்களைச் சரிபார்ப்பது, உள்ளூர் சபையாருக்குப் பயிற்சி தருவது. நடுவில் கரண்ட் போகும். அதற்கு அங்கே 'தும்சோர்' என்று பெயர்.

வாரத்தின் உயிர் கிராமத்தில் இருக்கிறது. பதிவேடு இல்லாத ஊரில் பெரியவர்தான் பதிவேடு. கானாவின் அக்கான் இன மக்களிடம் குடும்பத் தலைவரோ, அரச வம்சமானால் ராணித் தாயோ, பல தலைமுறைப் பெயர்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். கேள்வி கேட்பது வெள்ளைக்காரத் தம்பதி அல்ல. அக்கான் மொழிகளான ட்வி அல்லது ஃபாந்தி பேசும் உள்ளூர்க்காரர். குரல் பதிவாகும், பெரியவரை ஒரு போட்டோ எடுப்பார்கள், பெயர்கள் படிவத்தில் ஏறும். சில சமயம் ஒரே வாயிலிருந்து பல நூறு பெயர்கள். முன்னோரை அழைக்குமுன் தரையில் மது வார்ப்பது அந்த ஊர் மரபு. வந்து உட்கார்ந்திருப்பவர்களோ மது மட்டுமல்ல, காபி டீ கூடத் தொடாதவர்கள்.

அக்கான் வம்சம் தாய்வழி. மாமன் சொத்து மருமகனுக்கு. கவிமணியின் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் படித்தவர்களுக்கு இதன் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. மனைவி மக்களுக்கும் பங்கு உண்டு என்று 1985-ல் சட்டம் வந்த பிறகும் பழைய கணக்கு மனத்தில் இருக்கிறது. ஆகவே பெரியவர் பெயர் சொல்லும்போது அப்பனைத் தாண்டி அம்மாவுக்கும் அம்மாவின் அம்மாவுக்கும் போய்க்கொண்டே இருப்பார்.

போய்க்கொண்டே இருப்பவர் ஒரு கிளையில் சட்டென்று நிற்பார். கேட்டால் பேச்சை மாற்றுவார். மறதி என்று நினைத்தால் தப்பு. இன்னொருவரின் பிறப்பு மூலத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது அக்கான் மக்களின் அசாந்தி அரசில் இருந்த பழைய விதி. அந்தக் காலத்தில் அடிமையாக வந்தவர்கள் வீட்டோடு கலந்து, அந்த வம்சத்தின் பெயரையே பெற்றார்கள். இன்று அவர்கள் கொள்ளுப்பேரன் பக்கத்து வீட்டில் இருக்கலாம், அதே திண்ணையிலும் உட்கார்ந்திருக்கலாம். ஒரு வார்த்தையில் அவன் நிலமும் மரியாதையும் போய்விடும். படிவத்துக்கு இந்த நாகரிகம் தெரியாது. அதற்குக் கட்டம் நிரம்ப வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே சரி என்பேன்.

சபைக்கும் சொல்லத் தயங்கும் கிளை ஒன்று உண்டு. 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு அங்கே குருத்துவம் கிடையாது. கோயிலின் உயர்ந்த சடங்குகள் கறுப்பின ஆண் பெண் இருவருக்கும் இல்லை. ஆனால் கானாவில் பில்லி ஜான்சன் என்பவர் மார்மன் புத்தகத்தைப் படித்துவிட்டு 1964-லிருந்தே தானாகச் சபை நடத்திக்கொண்டு, மிஷனரிகளை அனுப்புங்கள் என்று கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். தடை நீங்கிய அதே ஆண்டு கடைசியில் மேபி தம்பதி, கேனன் தம்பதி என்று வயதில் மூத்த இரண்டு ஜோடிகள்தான் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு முதலில் வந்தார்கள். டிசம்பரில் கேப் கோஸ்ட் கடலில் ஞானஸ்நானம் நடந்தது. லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றிய கரையோரக் கோட்டைகளில் ஒன்று அதே ஊரில் இருக்கிறது. 1989-ல் கானா அரசு இந்தச் சபையைத் தடை செய்து, அடுத்த ஆண்டு நவம்பரில் விலக்கியது. அக்ராவில் கோயில் 2004-ல் திறந்தது. ஒருகாலத்தில் பேரனுக்குக் குருத்துவம் மறுத்த சபை இன்று அவன் பாட்டியின் பாட்டி பெயரைத் தேடி மண்சாலையில் ஜீப்பில் வருகிறது. எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் மரியாதையும் வருகிறது.

சேகரித்த பெயர்கள் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இருக்கின்றன. கணக்குத் தொடங்கக் காசு இல்லை, சபையில் சேரவும் வேண்டாம். ஹரித்வார் பண்டாக்கள் யாத்திரிகர் குடும்பங்களின் பெயர்களை எழுதிவந்த ஏடுகளும் அதில் படமாக உண்டு. ஆனால் அந்த இணையதளத்துக்குப் போகுமுன் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் உட்காருங்கள். பேச ஆரம்பிக்குமுன் போனில் ரெக்கார்டரை அழுத்திவிடுங்கள். அவர் எங்காவது நிறுத்தினால், துருவிக் கேட்காதீர்கள்.