இயல்புநிலைத் தேடுபொறி ஒப்பந்தங்களும் போட்டிச் சட்டத் தீர்ப்புகளும்

கைப்பேசியிலோ உலாவியிலோ நாம் எதையும் மாற்றாதபோது தானாகவே இயங்கும் தேடுபொறி, இயல்புநிலைத் தேடுபொறி எனப்படும். அந்த இடத்தைப் பெறத் தேடுபொறி நிறுவனங்கள் கைப்பேசி, உலாவி நிறுவனங்களுக்குப் பணம் தந்து ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் இதற்காக 2,630 கோடி டாலர் செலுத்தியது அமெரிக்க வழக்கு ஒன்றின் விசாரணையில் தெரியவந்தது.

இவ்வளவு பணம் ஏன்? பெரும்பாலோர் இருப்பதை மாற்றுவதில்லை. தேடுவோர் கூடினால் விளம்பர வருவாயும் தரவுகளும் கூடும். பிறர் நல்ல தேடுபொறி ஒன்றை உருவாக்கினாலும் அது மக்களிடம் சென்றுசேரும் வழி குறுகிவிடும்.

இந்தியாவில்

சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் அளித்த புகார்களின்மீது, இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வழக்கு முதன்மையாகத் தேடல் முடிவுகளில் காட்டப்படும் பாரபட்சம் பற்றியது.

ஆண்ட்ராய்டு வழக்கில் 2022 அக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பணத்தைவிட, உடன் வந்த இரு கட்டளைகள் முக்கியமானவை: தேடல் சேவையில் தனியுரிமை பெறுவதற்காகக் கைப்பேசி நிறுவனங்களுக்குப் பணமோ சலுகையோ தரக்கூடாது, புதிய கைப்பேசியை முதலில் இயக்கும்போதே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பயனருக்கு வேண்டும். 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வேறு நான்கு கட்டளைகளை நீக்கியது. அபராதத்தையும் இவ்விரு கட்டளைகளையும் நிலைநிறுத்தியது.

அமெரிக்காவில்

2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவந்ததாகத் தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் தனியுரிமை ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்தார். இயல்புநிலை இடத்துக்குப் பணம் தருவதை முற்றிலும் தடுக்கவில்லை.

விளைவும் வரம்பும்

தீர்ப்பு கதவைத் திறக்கும். உள்ளே நுழைவது பயனரின் கையில் இருக்கிறது. காந்திபுரம் கிராஸ்கட் சாலையில் புதிய கைப்பேசி வாங்கும் ஒருவர், தொடக்க அமைப்பைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டால், தேர்வும் அவருடையதாகிவிடும். பழைய கைப்பேசியிலும் வழி உண்டு: குரோம் உலாவியின் 'அமைப்புகள்' பகுதியில் 'தேடுபொறி' என்பதைத் தொட்டு, விரும்பியதை மாற்றிக்கொள்ளலாம். கூகுளே நன்று என்று தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்தது நாமாக இருக்க வேண்டும் என்பதே இத்தீர்ப்புகளின் நோக்கம்.